அமைதிப்படை யாருடைய கையில் இருக்கிறது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இதுதான்: ஐ.நா. பாதுகாப்புச் சபையின் நிரந்தர உறுப்பினர்களான ஐந்து நாடுகளிடம் (அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ்) வீட்டோ, அதாவது எந்தத் தீர்மானத்தையும் தடுக்கும் உரிமை, இருக்கிறது, அவர்களுக்குப் பிடித்தால் படை போகிறது, பிடிக்காவிட்டால் போவதில்லை, அப்படியென்றால் ஐ.நா. அமைதிப்படை வெறும் கண்துடைப்புதானே? நிரந்தர உறுப்பினர்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் இது சரியாகுமா என்றும் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். என் பார்வையில் இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. வல்லரசுகளின் விருப்பம் எந்த வழியாக அமைதிப்படைக்குள் நுழைகிறது என்பது ஒன்று. அப்படி நுழைந்த பிறகும் அந்தப் படையால் மக்களுக்குப் பயன் உண்டா என்பது இன்னொன்று. முதலாவதில் நீங்கள் சொல்வது பாதி சரி. இரண்டாவதில் நான் உங்களோடு உடன்படவில்லை. ஐ.நா. பணி ஒன்றில் ஓராண்டு ராணுவப் பார்வையாளராக இருந்திருக்கிறேன். அதன்பின் பதினைந்து ஆண்டுகளாக இதையே பாடமாக நடத்துகிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். 1945-ல் எழுதப்பட்ட ஐ.நா. சாசனத்தில் 'வீட்டோ' என்ற சொல் கிடையாது. 'அமைதிகாப்பு' என்ற சொல்லும் கிடையாது. சாசனத்தை எழுதியவர்கள் நினைத்தது வேறு. போரில் வென்ற வல்லரசுகள் சேர்ந்து நின்று, உறுப்பு நாடுகள் தரும் படைகளை வைத்து, அத்துமீறும் நாட்டை அடக்கும் என்பது அவர்கள் திட்டம். அந்தப் படை கடைசிவரை உருவாகவே இல்லை. இரண்டே ஆண்டில் பனிப்போர் வந்துவிட்டது. அதனால் அமைதிப்படை என்பது யாரும் திட்டமிட்டுக் கட்டிய வீடு இல்லை, மூல வீடு நின்றுபோனதால் பக்கத்தில் போட்ட கொட்டகை. அன்றைய பொதுச்செயலாளர் டாக் ஹாமர்ஷோல்ட் இதைச் சாசனத்தின் 'ஆறரையாவது அத்தியாயம்' என்றார். சமரசம் பேசுவது பற்றியது ஆறாவது அத்தியாயம், பலத்தைப் பயன்படுத்துவது பற்றியது ஏழாவது. இது இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

ஆயுதம் தாங்கிய முதல் அமைதிப்படை 1956-ல் சூயஸ் நெருக்கடியின்போது போனது. அதன் பிறப்பைப் பார்த்தாலே உங்கள் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். எகிப்தை இஸ்ரேலும் பிரிட்டனும் பிரான்சும் தாக்கின. பாதுகாப்புச் சபையில் பிரிட்டனும் பிரான்சும் வீட்டோ போட்டன. உடனே விவகாரம் எல்லா உறுப்பு நாடுகளும் இருக்கும், வீட்டோ இல்லாத பொதுச்சபைக்குப் போனது, கனடாவின் வெளியுறவு அமைச்சர் லெஸ்டர் பியர்சன் யோசனை சொன்னார், சில நாட்களில் படை உருவானது. வீட்டோவைச் சுற்றிக்கொண்டு போக ஒரு பாதை இருக்கிறது என்று இதைக் காட்டுவார்கள். அது உண்மைதான். ஆனால் அந்தப் பாதை திறந்ததற்குக் காரணம், பிரிட்டனும் பிரான்சும் வெளியேற வேண்டும் என்பதில் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் அபூர்வமாக ஒன்றுபட்டிருந்ததுதான். இரண்டு வல்லரசுகளை மீற முடிந்தது, அவற்றைவிடப் பெரிய இரண்டு வல்லரசுகள் பின்னால் நின்றதால்.

வீட்டோ நேரடியாக ஒரு பணியைக் கொன்றதற்கு உதாரணம் வேண்டுமென்றால் நான் வகுப்பில் எப்போதும் மாசிடோனியாவைத்தான் சொல்வேன். யூகோஸ்லாவியா சிதறிக்கொண்டிருந்தபோது, போர் பரவாமல் தடுக்க அங்கே சுமார் ஆயிரம் ஐ.நா. வீரர்கள் எல்லையில் நின்றார்கள். சண்டை வந்த பிறகு போகாமல், வருவதற்கு முன்பே அனுப்பப்பட்ட படை அது. வேலையும் நன்றாக நடந்தது. 1999 ஜனவரியில், சீனா தன் பகுதி என்று சொல்லும் தைவானை மாசிடோனியா அங்கீகரித்தது. பிப்ரவரி 25-ம் தேதி பணியை நீட்டிக்கும் தீர்மானத்தை சீனா வீட்டோ செய்தது. அங்கே நிலைமை சீராகிவிட்டது என்பது சீனா சொன்ன காரணம். ஒரு மாதத்தில் பக்கத்து கொசோவோவில் நேட்டோ குண்டுவீச்சு தொடங்கியது. 2001-ல் மாசிடோனியாவுக்குள்ளேயே ஆயுத மோதல் வெடித்தது. அந்த வீரர்கள் இருந்திருந்தால் 2001 மோதல் வந்திருக்காது என்று நான் சொல்ல மாட்டேன். அதை நிரூபிக்க வழியில்லை. தைவானைக் காரணமாகக் காட்டி சீனா எதுவும் பேசவுமில்லை. ஆனால் 1997 ஜனவரியில் குவாத்தமாலாவுக்கு 155 ராணுவப் பார்வையாளர்களை அனுப்பும் தீர்மானத்துக்கும் இதேதான் நடந்தது. குவாத்தமாலா தைவானோடு உறவு வைத்திருந்த நாடு. அங்கே பேசித் தீர்த்ததும் பத்து நாளில் சீனா வழிவிட்டது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டியதில்லை. 2009-ல் ஜார்ஜியாவில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் இருந்த பார்வையாளர் பணியை ரஷ்யா வீட்டோ செய்து முடித்ததும் இந்த வகைதான். முந்தைய ஆண்டுதான் அப்காசியாவைத் தனி நாடாக ரஷ்யா அங்கீகரித்திருந்தது. அதை ஜார்ஜியாவின் பகுதி என்று சொல்லும் பணியை அது எப்படி அனுமதிக்கும்?

இதெல்லாம் வெளிப்படையாகத் தெரிபவை. ஆனால் இத்தனை ஆண்டுகளில் நான் வந்து சேர்ந்த முடிவு, வீட்டோவால் செத்தவர்களைவிட வல்லரசுகளின் அக்கறையின்மையால் செத்தவர்கள் அதிகம் என்பதுதான். ருவாண்டாவில் ஒரு வீட்டோகூட விழவில்லை. இதைச் சொன்னால் மாணவர்கள் நம்பவே மாட்டார்கள்.

1993 அக்டோபர் 3-ம் தேதி சோமாலியாவின் மொகடிஷுவில் ஒரே சண்டையில் 18 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். அவர்கள் ஐ.நா. தலைமையின் கீழ் இருந்தவர்கள் இல்லை, ஆனாலும் பழி ஐ.நா.வின் மேல் விழுந்தது. இரண்டே நாள் கழித்து, அக்டோபர் 5-ம் தேதி, ருவாண்டாவுக்குப் படை அனுப்பும் தீர்மானம் நிறைவேறியது. அந்தச் சூழலில் பிறந்த பணி எப்படி இருக்கும்? சுமார் 2,500 பேர், குறைந்த செலவு, குறைந்த அதிகாரம். 1994 ஜனவரி 11-ம் தேதி படைத்தளபதி ரோமியோ டலேர் தலைமையகத்துக்கு ஒரு தந்தி அனுப்பினார். சிறுபான்மையினரான துட்சி இனத்தவரைக் கொல்ல ஆயுதங்களைப் பதுக்கி வைத்திருக்கிறார்கள், நான் போய்ப் பறிமுதல் செய்யப் போகிறேன் என்றார். உங்கள் ஆணையில் அதற்கு இடமில்லை, செய்யாதீர்கள் என்று பதில் வந்தது. ஏப்ரல் 7-ம் தேதி, துட்சிகளின் இனப்படுகொலை தொடங்கியபோது, படையில் இருந்த பத்து பெல்ஜிய வீரர்கள் கொல்லப்பட்டார்கள். பெல்ஜியம் படையைத் திரும்ப அழைத்துக்கொண்டது. ஏப்ரல் 21-ம் தேதி, படுகொலை உச்சத்தில் இருந்தபோது, பாதுகாப்புச் சபை ஒருமனதாக வாக்களித்துப் படையை 270 பேராகக் குறைத்தது. அந்த ஆண்டு ருவாண்டாவே சபையில் தற்காலிக உறுப்பினர். கொலைகளை நடத்திக்கொண்டிருந்த அரசின் பிரதிநிதி அதே மேசையில் உட்கார்ந்து வாக்களித்தார்.

அப்புறம் மே 17-ல் 5,500 பேரை அனுப்பலாம் என்று புதிய தீர்மானம் வந்தது. வீரர்கள் வரவில்லை. அமெரிக்கா தர வேண்டிய கவச வண்டிகளின் குத்தகை நிபந்தனைகளைப் பற்றி வாரக்கணக்கில் பேச்சு நடந்தது. சுமார் நூறு நாளில் எட்டு லட்சம் பேர் வரை கொல்லப்பட்டார்கள். டலேர் 270 என்ற எண்ணை மீறி, பெரும்பாலும் கானா நாட்டு வீரர்களான சில நூறு பேரை அங்கேயே வைத்திருந்தார். தலைநகர் கிகாலியின் விளையாட்டரங்கத்தில் அவர்களின் காவலில் அடைக்கலம் புகுந்த ஆயிரக்கணக்கானோர் உயிர் பிழைத்தார்கள். கையில் சரியான ஆயுதமோ போதிய மருந்தோ இல்லாத சில நூறு பேரால் அவ்வளவு செய்ய முடிந்திருக்கிறது. 5,000 பேர் இருந்திருந்தால் முழுப் படுகொலையையும் நிறுத்தியிருக்கலாம் என்பது டலேரின் வாதம். அதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கொலை பரவிய வேகத்தைப் பார்த்தால் எல்லாரையும் காப்பாற்றியிருக்க முடியாது என்று சொல்பவர்களின் வாதத்தையும் தள்ள முடியவில்லை. ஆனால் பெருந்தொகையானவர்களைக் காப்பாற்றியிருக்கலாம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஸ்ரெப்ரெனிட்சாவிலும் இதே கதைதான். 1993-ல் ஸ்ரெப்ரெனிட்சா உட்பட போஸ்னியாவின் சில நகரங்களைப் 'பாதுகாப்பான பகுதிகள்' என்று சபை அறிவித்தது. அதற்கு 34,000 வீரர்கள் வேண்டும் என்று ராணுவ ஆலோசகர்கள் கணக்குச் சொன்னார்கள். சபை ஒத்துக்கொண்டது 7,600 பேருக்கு. 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிட்சாவில் சுமார் 8,000 முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டபோது, அங்கே நின்றது சில நூறு டச்சு வீரர்கள். தீர்மானத்தின் வாசகத்தைப் பார்க்காதீர்கள், அதில் உள்ள எண்ணைப் பாருங்கள் என்று மாணவர்களிடம் சொல்வதற்கு இதுதான் காரணம். வாசகம் உலகத்துக்காக எழுதப்படுகிறது. வல்லரசுகள் எவ்வளவு தரத் தயார் என்பது எண்ணில்தான் இருக்கிறது.

அந்த வாசகத்தை எழுதுவது யார் என்று கேட்டால் இன்னொரு வாசல் திறக்கும். சபையில் ஒவ்வொரு நாட்டு விவகாரத்துக்கும் வரைவு எழுதும் பொறுப்பு ஒரு நாட்டிடம் இருக்கும். அங்கே 'பென்ஹோல்டர்' என்பார்கள். பெரும்பாலான விவகாரங்களில் அது அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் மூன்றில் ஒன்று. பிரெஞ்சு பேசும் ஆப்பிரிக்க நாடுகளுக்குப் பெரும்பாலும் பிரான்ஸ். இதற்கு எந்தச் சட்டமும் இல்லை, பழக்கம்தான். நாற்காலிகளும் அப்படித்தான். 1997 முதல் அமைதிகாப்புத் துறையின் தலைவராக இருப்பவர் பிரெஞ்சுக்காரர். 2007 முதல் அரசியல் விவகாரத் துறை அமெரிக்கரிடமும், மனிதாபிமான உதவித் துறை பிரிட்டிஷ்காரரிடமும், பொருளாதார சமூகத் துறை சீனரிடமும் இருந்து வந்திருக்கின்றன. இந்தப் பதவிகளில் இருந்தவர்களில் மிக நேர்மையானவர்கள் உண்டு. இருந்தாலும் ஒரு தகவல் எந்த மேசைக்கு முதலில் போகிறது என்பது பெரிய விஷயம்.

அடுத்தது பணம். அமைதிப்படையின் ஆண்டுச் செலவு இப்போது சுமார் 540 கோடி டாலர். அமெரிக்காவும் சீனாவும் சேர்ந்து அதில் ஏறக்குறைய பாதியைக் கொடுக்க வேண்டும். கொடுக்க வேண்டும் என்பது வேறு, கொடுப்பது வேறு. அமெரிக்க நாடாளுமன்றம் 1994-லேயே தன் பங்கு 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று சட்டம் போட்டது. ஐ.நா. கணக்குப்படி வரும் பங்கு அதைவிடக் கூடுதல். அந்த வித்தியாசம் பாக்கியாகச் சேர்ந்துகொண்டே போகிறது. காங்கோ பணிக்குப் பணம் தர மாட்டோம் என்று அறுபதுகளில் சோவியத் யூனியனும் பிரான்சும் மறுத்தபோது, 1964-ல் பொதுச்சபை ஒரு கூட்டத்தொடரையே வாக்கெடுப்பு இல்லாமல் நடத்த வேண்டி வந்தது. 2025 அக்டோபரில் நிதி இல்லை என்று ஒன்பது பணிகளில் சுமார் கால் பங்கு வீரர்களையும் காவலர்களையும் குறைப்பதாக ஐ.நா. அறிவித்தது. இதற்கு வாக்கெடுப்பும் தேவைப்படவில்லை, வீட்டோவும் தேவைப்படவில்லை.

களத்தில் இருப்பவர்கள் யார்? நேபாளம், ருவாண்டா, வங்கதேசம், இந்தியா, பாகிஸ்தான், இந்தோனேசியா, கானா. நிரந்தர ஐவரில் சீனா மட்டும்தான் சொல்லிக்கொள்ளும்படி வீரர்களை அனுப்புகிறது. 1948 முதல் இதுவரை இறந்த அமைதிப்படையினர் 4,000-க்கும் மேல், அதில் அதிகம் பேரை இழந்த நாடு இந்தியா. ஆணையை எழுதுபவர்கள் ஒரு பக்கம், அதற்காக உயிரைக் கொடுப்பவர்கள் இன்னொரு பக்கம். இந்தப் பிளவு என்ன செய்யும் என்பதை நான் நேரில் பார்த்தேன். ஒரு இரவு, எங்கள் முகாமிலிருந்து இருபது கிலோமீட்டரில் ஒரு கிராமம் தாக்கப்படப் போகிறது என்று தகவல் வந்தது. ஐ.நா. மண்டலத் தலைமையகம் ரோந்து போகச் சொல்லி உத்தரவிட்டது. படைப்பிரிவின் தளபதி, தன் நாட்டுத் தலைநகரில் அனுமதி கேட்க வேண்டும் என்றார். அவர் கோழை இல்லை. வீரர்கள் இறந்தால் ஊரில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான், அந்த ஆணையை எழுதியவர்கள் இல்லை. அனுமதி விடியற்காலையில் வந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஊர் காலியாக இருந்தது, பாதி வீடுகள் புகைந்துகொண்டிருந்தன. மக்கள் முன்கூட்டியே காட்டுக்குள் ஓடியிருந்ததால் பிழைத்தார்கள். அந்த இரவை நான் இன்னும் மறக்கவில்லை.

மற்ற உலக அமைப்புகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கும் இயங்கும் விதம் ஒன்றுதான். சர்வதேச நாணய நிதியத்தில் முக்கிய முடிவுகளுக்கு 85 சதவீத வாக்கு வேண்டும். அமெரிக்காவிடம் 16 சதவீதத்துக்குச் சற்று மேல் இருக்கிறது. வீட்டோ என்று பெயர் சொல்லாத வீட்டோ அது. வளரும் நாடுகளுக்கு வாக்குப் பங்கைக் கூட்ட 2010-ல் ஒத்துக்கொண்ட சீர்திருத்தம், அமெரிக்க நாடாளுமன்றம் ஒப்புதல் தரத் தாமதித்ததால் 2016-ல்தான் நடைமுறைக்கு வந்தது. உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு நீதிபதிகளை நியமிக்க அமெரிக்கா தொடர்ந்து மறுத்ததால், 2019 டிசம்பர் முதல் அந்த அமர்வு இயங்கவில்லை.

விவாதத்துக்கே வராத விஷயங்களையும் மறக்கக் கூடாது. ரஷ்யாவின் செச்சன்யாவுக்கு ஐ.நா. படை போகுமா என்பது சபையில் விவாதத்துக்கே வந்ததில்லை. 1969-ல் பிரிட்டனின் பகுதியான வட அயர்லாந்துக்கு அமைதிப்படை வேண்டும் என்று அயர்லாந்து கேட்டது, சபை அதை அலுவல் பட்டியலில் சேர்க்காமலே ஒத்திவைத்தது. 2009-ல் இலங்கையில் போரின் கடைசி மாதங்களில் பொதுமக்கள் செத்துக்கொண்டிருந்தபோதும் அது பாதுகாப்புச் சபையின் முறையான அலுவல் பட்டியலில் ஏறவில்லை. முறைசாராச் சந்திப்புகள் மட்டும் நடந்தன. ஐ.நா.வே பின்னர் அமைத்த உள்விசாரணைக் குழு, மக்களைக் காக்கும் கடமையில் ஐ.நா. அமைப்பு முழுவதுமே தவறியது என்று 2012-ல் எழுதியது. வாக்கெடுப்பே நடக்காததால் இவை வீட்டோ கணக்கில் வருவதில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு எப்படிக் கண்துடைப்பு இல்லை என்கிறேன்? தென்னாப்பிரிக்காவின் பிடியில் இருந்த நமீபியாவைப் பாருங்கள். அந்த நாட்டின் விடுதலைக்கான ஐ.நா. திட்டம் 1978-லேயே 435-ம் தீர்மானமாக நிறைவேறியது. பத்தாண்டுக்கு மேல் அது தாளிலேயே கிடந்தது. பக்கத்து அங்கோலாவில் ஒரு பக்கம் கியூபப் படையும் மறு பக்கம் தென்னாப்பிரிக்கப் படையும் நின்றன, அவற்றின் பின்னால் வல்லரசுகள் நின்றன. எண்பதுகளின் கடைசியில் பனிப்போர் தணிந்தது. அதே திட்டம், அதே தாள், 1989 ஏப்ரலில் களத்துக்குப் போனது, 1990 மார்ச் 21-ம் தேதி நமீபியா சுதந்திரம் பெற்றது. வல்லரசுகள் ஒத்துக்கொண்டதால் வழி திறந்தது என்பது சரி. ஆனால் வழி திறந்த அன்று திட்டமும், அதை நடத்தத் தெரிந்த ஆட்களும், எல்லாத் தரப்பும் ஏற்கும் ஒரு கொடியும் தயாராக இருந்தன. இவை இல்லாமல் வெறும் ஒப்புதலை வைத்து என்ன செய்திருக்க முடியும்? சியரா லியோன், லைபீரியா, ஐவரி கோஸ்ட் மூன்றிலும் உள்நாட்டுப் போருக்குப் பின் படை போனது, வேலை முடிந்ததும் திரும்பியது.

ஆய்வுகளில் உறுதியாக நிற்பது இது: போர்நிறுத்தத்துக்குப் பிறகு அமைதிப்படை இருக்கும் இடங்களில் போர் மறுபடி வெடிக்கும் வாய்ப்பு குறைகிறது. வீரர்களும் காவலர்களும் கூடுதலாக இருந்தால் பொதுமக்கள் கொல்லப்படுவதும் குறைகிறது. வெவ்வேறு முறைகளில் செய்யப்பட்ட ஆய்வுகள் ஏறக்குறைய ஒரே முடிவைச் சொல்வதால் இதை நம்புகிறேன். காக்க அமைதியே இல்லாத இடத்தில் படை என்ன சாதிக்கும் என்பது அவ்வளவு தெளிவாக இல்லை. மாலியில் பத்தாண்டு நடந்த பணியில் 300-க்கும் மேற்பட்ட அமைதிப்படையினர் இறந்தார்கள், கடைசியில் அந்த நாட்டு ராணுவ அரசே 2023-ல் வெளியேறச் சொல்லிவிட்டது. 1964 முதல் சைப்ரஸில் நிற்கும் படை, சண்டையைத் தடுத்ததா, தீர்வையும் தள்ளிப்போட்டதா என்பதில் எனக்கே முடிவான கருத்து இல்லை. ஹெய்ட்டியில் 2010-ல் அமைதிப்படை முகாமிலிருந்து பரவிய காலரா பல ஆயிரம் பேரைக் கொன்றது, பாலியல் சுரண்டல் வழக்குகளும் பல பணிகளில் உண்டு. பயன் இருக்கிறது என்று சொல்லும்போது இவற்றையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கடைசியாக, நிரந்தர உறுப்பினர்களைக் கூட்டினால் சரியாகுமா என்ற கேள்வி. சாசனத்தைத் திருத்த உறுப்பு நாடுகளில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், ஐந்து நிரந்தர உறுப்பினர்களும் ஒப்புதல் தர வேண்டும். சபை இதுவரை ஒரே ஒருமுறைதான் பெரிதாகியிருக்கிறது: 1965-ல் தற்காலிக இடங்கள் ஆறிலிருந்து பத்தாயின. ஆப்பிரிக்காவுக்கு ஒரு நிரந்தர இடம்கூட இல்லாமல், அமைதிப்படையினரில் பெரும்பாலோரை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பும் முடிவுகள் எடுக்கப்படுவது அநியாயம். அதனால் விரிவாக்கத்தை ஆதரிக்கிறேன். ஆனால் புதியவர்களுக்கும் வீட்டோ கொடுத்தால், மாசிடோனியா போன்றவை குறையாது, கூடும் என்று நினைக்கிறேன். எனக்கு அதைவிட நம்பிக்கை தருவது சிறிய மாற்றங்கள். 2022 ஏப்ரலில் பொதுச்சபை ஒரு விதி கொண்டுவந்தது: யார் வீட்டோ போட்டாலும் பத்து வேலை நாட்களுக்குள் பொதுச்சபை கூடி அதைப் பற்றி விவாதிக்கும். முந்தைய மாதம் உக்ரைன் விவகாரத்தில் 141 நாடுகள் ரஷ்யாவுக்கு எதிராக வாக்களித்தும் போர் நிற்கவில்லை, அதனால் விவாதத்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் வல்லரசுகளுக்கு அக்கறையில்லாத இடங்களில்தான், அதாவது ருவாண்டா மாதிரி இடங்களில்தான், யாராவது எழுந்து நின்று கேட்பது வேலை செய்யும். 1994 ஏப்ரலில் சபைக்குள் அப்படி விடாமல் கேட்டவர்கள் நியூசிலாந்து, செக் குடியரசு, நைஜீரியா ஆகிய நாடுகளின் தூதர்கள். மூன்றுமே தற்காலிக உறுப்பினர்கள். மே மாதம் 5,500 பேருக்கான தீர்மானம் வந்ததில் அவர்களுக்குப் பங்கு உண்டு. அவர்களோடு இன்னும் சில நாடுகளும் சேர்ந்து, அந்தத் தீர்மானம் நான்கு வாரம் முன்பே வந்திருக்க வேண்டும்.